ஜெர்பில் தீவனம்: பாதிக்குக் கிட்ட உருண்டையாக்கிவிடு

காங்கேயம்
ஐப்பசி 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது என்று படித்ததும் மனசு குளிர்ந்தது. இங்கேயும் கொறங்காட்டில் புல் முழங்கால் உயரம் நிற்கிறது, மாடுகளுக்கு இந்த வருசம் குறையில்லை.

அம்மணி வளர்க்கும் ரெண்டு ஜெர்பில் எலிகளும் சூரியகாந்தி விதையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை மண்ணில் தள்ளுகின்றன என்று எழுதியிருந்தாய். அது சேட்டை இல்லை மாப்பிள்ளை, அதன் பிறவிக்குணம். நம் வரப்பில் வளை தோண்டும் வெள்ளெலிக்கு ஒரு வகையில் உறவுதான் இது. மங்கோலியாவின் வறண்ட புல்வெளியில் எண்ணெய் வித்து எப்போதாவதுதான் கிடைக்கும், கண்டதும் முதலில் அதை எடுக்கும். உன் வீட்டுக் கூண்டில் அது தினமும் கிடைக்கிறது, அங்கேதான் கெடுதல். சூரியகாந்திப் பருப்பில் பாதி எண்ணெய். ஜெர்பில்லுக்கு மொத்த உணவில் கொழுப்பு 4 முதல் 6 சதவீதம் போதும், புரதம் 16-க்குக் குறையக்கூடாது. கொழுப்பு கூடினால் இந்தப் பிராணிக்கு ரத்தத்தில் கொலஸ்ட்ரால் சட்டென்று ஏறும். கொலஸ்ட்ரால் ஆராய்ச்சிக்கே இதை வைத்துச் சோதிக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்.

ஆகவே நல்ல சாமான்களாக அள்ளிக் கலந்தால் மட்டும் சரிவிகிதம் வந்துவிடாது. தட்டில் இருப்பது ஒன்று, வயிற்றுக்குள் போவது வேறு. பொறுக்க முடியாதபடி ஒரு பங்கை அரைத்து உருண்டையாக்கிவிட வேண்டும்.

ஒரு கிலோவுக்குக் கணக்கு சொல்கிறேன். தானியப் பங்கு 580 கிராம்: தினை 200, கம்பு 150, வெள்ளைச் சோளம் 100, பனிவரகு 100, சூரியகாந்திப் பருப்பு 30. தினையும் பனிவரகும் உமியோடு இருக்கட்டும், உரித்துத் தின்பது அதற்கு வேலையும் பல்லுக்குத் தேய்மானமும். உருண்டைப் பங்கு 420 கிராம்: ராகி மாவு 100, மீல் மேக்கர் 100, கோதுமை மாவு 80, பச்சைப்பயறு 80, பொட்டுக்கடலை 40, ஆளிவிதை 20. இதோடு முட்டை ஓட்டுப் பொடி 10 கிராம், நிழலில் காயவைத்த முருங்கை இலைப் பொடி 10 கிராம்.

கூட்டிப் பார்த்தால் மொத்தத்தில் புரதம் சுமார் 17 சதவீதம், கொழுப்பு 5-க்குக் கிட்ட. தானியத்தை மட்டும் தின்றால் புரதம் 12-தான் வரும், உருண்டையில் 24 இருக்கிறது. ரெண்டும் சேர்ந்து போனால்தான் கணக்கு நிற்கும். அதேபோல 30 கிராம் சூரியகாந்தியை 200 ஆக்கித் தினையைக் குறைத்தால் புரதம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், கொழுப்பு மட்டும் 12-ஐத் தாண்டிவிடும்.

சுண்ணாம்புச் சத்தை மறந்துவிடாதே. ராகியில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் இருப்பது நமக்குப் பெருமைதான், ஆனால் கிலோவுக்கு 100 கிராம் ராகி போட்டால் ஜெர்பில்லுக்குப் போதாது. மற்ற தானியத்தில் சுண்ணாம்பு சொற்பம், பாஸ்பரஸ் அதிகம். அந்த ஏற்றத்தாழ்வுதான் நாளடைவில் எலும்பை அரிக்கும். ரெண்டு கோழிமுட்டை ஓடு ஏறக்குறைய 10 கிராம் வரும். உள்தோலோடு கழுவி, பத்து நிமிஷம் கொதிக்கவைத்து, காயவைத்து மிக்ஸியில் நைஸாக அரைத்துக்கொள். இதைத் தானியத்தின்மேல் தூவினால் எல்லாம் டப்பாவின் அடியில் போய்த் தங்கும், ஒரு துளியும் வயிற்றுக்குப் போகாது. உருண்டைக்குள்தான் போக வேண்டும்.

செய்முறை இப்படி. பச்சைப்பயற்றை வாசனை வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து ஆறவிடு. ஆளிவிதையைத் தனியாக அரைத்தால் எண்ணெய் கக்கிக் கட்டிக்கொள்ளும், பயறு, பொட்டுக்கடலையோடு சேர்த்து அரை. மீல் மேக்கரை ஊறவைக்காமல் அப்படியே பொடியாக்கு. எல்லாம் கலந்து ஒரு டம்ளர் வெந்நீர் விட்டுப் பிசைந்து பத்து நிமிஷம் மூடி வை. மீல் மேக்கர் ஈரத்தை மெதுவாக இழுக்கும், அவசரப்பட்டு முதலிலேயே தண்ணீரைக் கூட்டினால் பிற்பாடு காயவே காயாது. மாவு உதிர்ந்தால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக்கொள். உப்பு, வெல்லம், எண்ணெய் எதுவும் வேண்டாம். முறுக்கு அச்சில் ஒற்றை ஓட்டை வில்லை போட்டு இட்லித் துணியில் நீளமாகப் பிழிந்து 15 நிமிஷம் ஆவியில் வேகவை. பயறு வகைகளில் புரதத்தைச் செரிக்கவிடாமல் தடுக்கும் பொருள் ஒன்று உண்டு, வேக்காட்டில் அது அடங்கும். ஆறியதும் அரை விரல் நீளத்துக்கு ஒடித்து (இந்தத் துண்டைத்தான் உருண்டை என்கிறேன்) வெயிலில் மூணு நாள் காயப்போடு. ஒடித்தால் டக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், இந்த அடைமழைக் காலத்தில் நாலே நாளில் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் இல்லையென்றால் அடுப்பை அணைத்தபின் சூடான தோசைக்கல்லில் பரப்பி வை.

கொள்ளு போடலாமா என்று கேட்டிருந்தாய். பயற்றுக்குப் பதில் அதே 80 கிராம் போடலாம், உருண்டையில் வெந்து போவதாக இருந்தால் மட்டும். பச்சையாகத் தானியத்தில் கலக்காதே. மொச்சை, அவரை, ராஜ்மாக் கொட்டைகள் பச்சையாக ஆகவே ஆகாது.

ஒரு ஜெர்பில்லுக்கு நாளைக்கு 7 கிராம் போதும், ரெண்டுக்கும் சேர்த்து 15 வைத்துக்கொள். காத்தாலே 6 கிராம் உருண்டை. பொழுதோட 9 கிராம் தானியத்தைத் தட்டில் வைக்காமல் மண்ணில் தூவிவிடு, தேடித் தின்னட்டும். கணக்கில் சொன்ன 30 கிராம் சூரியகாந்தியைத் தானியத்தோடு கலக்காமல் தனி டப்பாவில் வைத்து, நாளைக்கு ரெண்டுக்கும் சேர்த்துப் பத்துப் பருப்பு அம்மணி கையாலேயே கொடுக்கட்டும். கையோடு பழகும், பொறுக்குவதும் நிற்கும். தட்டு காலியானதை வைத்துத் தின்றுவிட்டது என்று எண்ணாதே. வளைக்குள் சேமித்து வைக்கும். வாரம் ஒருமுறை கிளறிப் பார், உருண்டை குவிந்திருந்தால் தானியத்தை 2 கிராம் குறை. இந்தக் கணக்கில் ஒரு கிலோ ரெண்டு மாசத்துக்கு மேல் வரும், மழைக்காலத்தில் பாதி அளவு மட்டும் செய்.

உருண்டையில் வராத சத்து ரெண்டு உண்டு: வைட்டமின் டி, பி12. வாரம் ரெண்டு நாள் வேகவைத்த முட்டையை மஞ்சள் கருவோடு ஒரு பட்டாணி அளவு கொடு, மிச்சத்தை ரெண்டு மணி நேரத்தில் எடுத்துவிடு. கேரட்டோ மல்லித்தழையோ வாரம் மூணு நாள், நகத்தளவு. கூடினால் கழிச்சல் வரும். வெங்காயம், பூண்டு, பச்சை உருளைக்கிழங்கு வேண்டாம். ஒரு ஜெர்பில் ஒரு நாளைக்கு 5 மில்லி அளவுதான் தண்ணீர் குடிக்கும், அதற்காகப் பாட்டிலைக் காலியாக விடாதே. குழாயின் குண்டு அடைத்துக்கொள்ளும், தினமும் தட்டிப் பார்.

சாமான் வாங்குவதில் கவனம். விதைக்கடையில் விதைப்புக்கு விற்கும் கம்பு, சோளம் மருந்து கலந்தது, சாயம் ஏறியிருக்கும். அதைத் தொடாதே. தொழுவத்தில் இருக்கிற பருத்திக்கொட்டையை எடுத்துப் போட்டுவிடாதே, அதிலுள்ள காசிபால் நஞ்சை அசைபோடும் மாடு தாங்கும், இது தாங்காது. நாமக்கல் பக்கத்து முட்டைக்கோழித் தீவனமும் ஆகாது, அதில் சுண்ணாம்பு 3.5 சதவீதத்துக்கு மேல் இருக்கும், அது கோழி முட்டை ஓட்டுக்கான கணக்கு. பழைய கடலைக்காய், புண்ணாக்கு வேண்டாம், பூஞ்சண நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

கூண்டில் போட இங்கிருந்து காய்ந்த கொழுக்கட்டைப் புல் ஒரு கட்டு அனுப்புகிறேன். கதிரை உருவிவிட்டுத்தான் கட்டுவேன், அதன் முள் வாயில் குத்தும். கொறிக்கக் கொய்யாக் குச்சி உன் தோட்டத்திலேயே இருக்கிறது.

ஒரே நாளில் மாற்றாதே. பத்து நாளில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டு. ஆரம்பிக்கும் முன் ரெண்டையும் சமையல் தராசில் எடை போட்டு எழுதி வை. வளர்ந்தது 60 முதல் 100 கிராமுக்குள் இருக்கும். ஒரு மாசம் கழித்து மறுபடி போட்டு ரெண்டு எடையையும் எனக்கு எழுது, உருண்டையின் அளவை அதை வைத்துச் சரிபண்ணிக்கொள்ளலாம்.

தங்கச்சியையும் அம்மணியையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்