மணி பார்த்துச் சாப்பிட்டால் மெலியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

16 மணிநேரம் பட்டினி, 8 மணிநேரத்துக்குள் சாப்பாடு என்ற முறை இப்போது யாழ்ப்பாணத்து இளையவர்களிடமும் பரவியிருக்கிறது. கந்தசஷ்டி பிடித்துப் பழகிய ஊருக்குப் பட்டினி புதிதல்லத்தான். ஆனால் மத்தியானம் 12 மணிக்குத் தேங்காய்ப்பூ தாராளமாய்ப் போட்ட புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும், பின்னேரம் மிதிவெடி என்ற பொரித்த ரோல்ஸும் சீனி கரையாத பால்தேத்தண்ணியும் என்றால் எடை எங்கே குறையும்?

சீனாவின் குவாங்சோவில் உடற்பருமன் உள்ள 139 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. எல்லோருக்கும் கலோரி குறைக்கப்பட்டது. ஒரு பிரிவினர் காலை 8 முதல் மாலை 4 வரை மட்டுமே சாப்பிட்டனர். அவர்கள் சராசரியாக 8 கிலோவும் மற்றவர்கள் 6.3 கிலோவும் குறைந்தனர். புள்ளியியல்படி இது கணக்கில் எடுக்கக்கூடிய வேறுபாடல்ல.

2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நீரிழிவு வரக்கூடிய நிலையில் இருந்தவர்கள் வாரத்தில் 150 நிமிட உடற்பயிற்சி, 7 சதவீத எடைக்குறைப்பு என்ற இலக்கோடு நடந்தார்கள். அவர்களுக்கு அந்நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. நாமோ சந்திக் கடைக்கும் மோட்டார் சைக்கிளில் போகிறோம்; சைக்கிள் கொட்டிலில் கறள் பிடிக்கிறது.

இன்சுலின் போடுபவர்கள் யூடியூப்பைப் பார்த்துப் பட்டினி கிடப்பது பெரும் ஆபத்து. இரத்தச் சீனி திடீரென இறங்கி மயங்கிவிடலாம். இதுபற்றி வைத்தியர் ஒருவரின் விளக்கத்தைத் தங்கள் பத்திரிகையில் வெளியிட்டால் நல்லது.

வாசகர் ஒருவர்,
கோண்டாவில்.