உலகப் பண்பாட்டு நாளில் மேசை போடப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்தும் ஆசிரியர்களுக்கும், தமிழ்ச் சங்கத் தன்னார்வலர்களுக்கும், அவர்கள் கூப்பிட்டால் மறுக்க முடியாமல் முறுக்குப் பிழியும் அக்காக்களுக்கும் வணக்கம்.

வசந்தப் பருவம் நெருங்கும்போது பக்கத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வளாகத்துக்கு வருகிறார்கள், உலகப் பண்பாட்டு நாள் நடத்துகிறோம், உங்கள் சார்பில் ஒரு மேசை போட முடியுமா என்று கேட்டிருப்பார்கள். நாமும் உடனே வாட்ஸ்அப் குழுவில் இறங்கிவிடுவோம். குத்துவிளக்கு யார் வீட்டில் இருக்கிறது, தலையாட்டி பொம்மையை யார் கொண்டுவருவது, மருதாணிக் கோன் எத்தனை வாங்குவது. அந்தப் பேச்சு தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

மேசையில் வைக்கும் பொருள்களைக் குறையுங்கள். ஒரு பிள்ளை நம்மோடு இருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். அதற்காகப் பல்கலைக்கழகத்தோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

இப்போது நடப்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் கையில் ஒரு காகிதப் பாஸ்போர்ட், மேசைக்கு ஒரு முத்திரை. பெரு, கென்யா, ஜப்பான், போலந்து, இந்தியா என்று மதியத்துக்குள் உலகத்தை முடித்துவிட்டுப் பீட்சா சாப்பிடப் போவார்கள். ஒரு மேசைக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம், அதில் பாதி முத்திரைக்கு வரிசையில் நிற்பதிலேயே போய்விடும். மிச்ச நேரத்தில் நாம் நான்கு பேர் ஒரே மூச்சில் பொங்கல், பரதநாட்டியம், திருக்குறள், தஞ்சைப் பெரிய கோயில் எல்லாவற்றையும் சொல்லப் பார்க்கிறோம். (பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற கதையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். விழும். வேண்டுமானால் தஞ்சாவூர் போய் வெயிலில் நின்று பாருங்கள்.) அந்தப் பிள்ளைக்குக் கையில் மருதாணியும் வாயில் முறுக்கும் மிஞ்சும். அது தமிழ் மேசையா, குஜராத்தி மேசையா என்பதுகூட நினைவில் நிற்காது.

இந்த அழைப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், பதிலுக்கு எதைக் கேட்கலாம் என்பதும் தெரியும். 1957-ல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதும் அமெரிக்கா ஆடிப்போனது. 1958-ல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. அறிவியலுக்கும் கணக்குக்கும் அதில் பணம் ஒதுக்கியது பலருக்கும் தெரிந்த செய்தி. அதே சட்டத்தின் ஆறாம் பகுதி, அமெரிக்கர்கள் அவ்வளவாகப் படிக்காத மொழிகளையும் நிலப்பகுதிகளையும் கற்பிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு நிதி கொடுத்தது. சிகாகோ, பென்சில்வேனியா, விஸ்கான்சின், பெர்க்லி போன்ற இடங்களில் தெற்காசியப் படிப்பு வேரூன்றியதில் அந்த நிதிக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மையங்கள் வளாகத்துக்குள் கற்றதைப் பள்ளிகளுக்கும் கொண்டுபோக வேண்டும் என்ற பொறுப்பும் பின்னாளில் சேர்ந்தது. பல வளாகங்களில் நம்மை மேசை போடக் கூப்பிடும் ஒருங்கிணைப்பாளரின் வேலையே அப்படி உருவானதுதான்.

இன்னொரு கதையும் உண்டு. 1954-ல் வந்த பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தின்படி அமெரிக்கக் கோதுமை இந்தியாவுக்குக் கப்பலேறியது. இந்தியா அதற்கு ரூபாயில் விலை கொடுத்தது. அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு, 1962-லிருந்து அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இந்தியாவில் அச்சான புத்தகங்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பியது. தமிழ்ப் புத்தகங்களும் அப்படித்தான் வந்தன. நம் பாட்டிமார் ரேஷனில் வாங்கிய கோதுமைக்குக் கொடுத்த காசில் வாங்கிய புத்தகங்கள் இன்றும் இங்கே அடுக்குகளில் நிற்கின்றன. பண்பாட்டு நாளுக்கு வரும் பிள்ளைகளில் ஒருவரையாவது அந்த அடுக்குகளுக்கு யாராவது கூட்டிப்போனார்களா? தெற்காசிய நூலகர் ஒருவர் அதே வளாகத்தில்தான் இருப்பார். அவரை யாரும் கூப்பிடுவதில்லை. நாம் கூப்பிடலாம்.

சரி, மேசைக்குப் பதில் என்ன? ஒரு வகுப்பறை கேளுங்கள். இருபது பிள்ளைகள், நாற்பது நிமிடம், ஒரே ஒரு விஷயம். எனக்குப் பிடித்தது இலங்கையின் காலி நகரில் கிடைத்த கல்.

1911-ல் அங்கே ஒரு வடிகாலின் மூடியாகக் கிடந்த கற்பலகை அது. சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்து நிறுத்தியது. அதில் பொறித்த தேதி 1409-ஆம் ஆண்டுக்கு உரியது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தரைப் போற்றிக் காணிக்கைகளை வரிசையாகச் சொல்கிறது. தமிழ்ப் பகுதியில் காணிக்கை தெனாவரை நாயனாருக்கு, அதாவது தெற்குக் கரையில் தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த திருமாலுக்கு. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது. ஒரே கல், மூன்று சமயம், ஏறக்குறைய ஒரே மாதிரியான காணிக்கைப் பட்டியல்.

இதை வைத்து நீங்கள் சொற்பொழிவு ஆற்ற வேண்டாம். கல்லின் படத்தை மூன்று பகுதியாக வெட்டி, கீழே ஆங்கிலத்தில் ஓரிரு வரிச் சுருக்கம் எழுதிப் பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்துக் கொடுங்கள். எந்த மொழி, எந்தக் கடவுள், யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். சீனாவிலிருந்து வந்த ஒருவர் எதற்காகத் தமிழில் எழுத வேண்டும்? யார் படிப்பார்கள் என்று நினைத்தார்? வந்தது வணிகத்துக்கா, மிரட்டவா? கடைசிக் கேள்விக்கு வரலாற்றாசிரியர்களிடமே ஒரே பதில் கிடையாது, ஆகவே பிள்ளைகள் தாராளமாகச் சண்டை போடலாம். இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. சீன மாணவர் சங்கத்தையும் பாரசீகம் படித்த ஆய்வு மாணவர் ஒருவரையும் நம்மோடு உட்காரவைக்கலாம். மூன்று மேசை ஒரு வகுப்பாகிவிடும்.

கணக்கு ஆசிரியர் யாராவது வகுப்போடு வந்தால் கோலத்துக்குப் போங்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிப்ட் சிரோமணியும் அவரோடு இருந்தவர்களும் 1970-களிலேயே கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண முறையில், அதாவது சில விதிகளிலிருந்து வடிவங்களை உருவாக்கும் முறையில், ஆராய்ந்தவர்கள். சிக்குக் கோலத்தின் கோடு புள்ளிகளைச் சுற்றிக் கிளம்பின இடத்துக்கே வந்து சேர்கிறதா, எத்தனை கோடு தேவைப்படுகிறது என்று தேட ஆரம்பித்தால் நாற்பது நிமிடம் போதாது. மாவு மட்டும் வேண்டாம், வளாகத்துக் கம்பளத்தில் கொட்டினால் அடுத்த ஆண்டு கூப்பிட மாட்டார்கள். கறுப்புச் சார்ட்டும் வெள்ளைச் சாக்பீசும் போதும்.

பெயரைத் தமிழில் எழுதிக் கொடுப்பதையும் கொஞ்சம் மாற்றலாம். இப்போது நாம் எழுதுகிறோம், பிள்ளை வாங்கிக்கொண்டு நகர்கிறது. எழுத்து அட்டவணையைக் கொடுத்து அவர்களையே எழுதச் சொல்லுங்கள். பாபி (Bobby) என்ற பையன் ஆங்கிலத்தின் b, p என்ற இரண்டு ஒலிக்கும் தமிழில் ஒரே ப-தான் என்று கண்டு முகம் சுளிப்பான். அப்புறம் கேள்வி கேட்பான். கேள்வி வந்தபிறகு நாம் பேசினால் காதில் ஏறும்.

பழமை பற்றி ஒரு வார்த்தை. நம் பதாகைகளில் எப்போதும் முதல் வரி உலகின் மூத்த மொழி என்பதுதான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதைக் கேட்டு என்ன செய்வது? பக்கத்து மேசையில் கிரேக்கம், எதிர் மேசையில் சீனம், அவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். அந்த வயதுப் பிள்ளை தெரிந்துகொள்ள விரும்புவது, அங்கே தன் வயதுப் பிள்ளை காலையில் எழுந்து என்ன செய்கிறது என்பதைத்தான். தமிழ்நாட்டு அரசின் ஆறாம் வகுப்புப் பாடநூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கணக்குப் புத்தகத்தில் சில பக்கங்களை அச்செடுத்து வைத்துப் பாருங்கள், எழுத்து தெரியாமலே கணக்கைப் போட்டுவிடுவார்கள். மதிய உணவைப் பற்றிப் பேசுங்கள். காமராசர் காலத்தில் பரவி, 1982-ல் எம்.ஜி.ஆர். பெரிதாக விரிவாக்கி, இன்று முட்டையோடு போடும் சாப்பாடு. 2022-லிருந்து தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவிலும் 1946-லிருந்து பள்ளி மதிய உணவுச் சட்டம் இருக்கிறது, இந்தப் பிள்ளைகளில் பலர் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறவர்கள். இரண்டு தட்டுகளின் படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், நாம் வாயே திறக்க வேண்டாம். உண்மையில் சாப்பிடக் கொடுக்கும் பலகாரத்தில் எள்ளும் வேர்க்கடலையும் இருந்தால் ஒவ்வாமை எச்சரிக்கை எழுதி வையுங்கள்.

நமக்குச் சங்கடமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சாதியைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பார்கள். பண்டைய இந்தியா என்ற பாடத்தில் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். அந்தக் கேள்வி வந்ததும் நம்மில் சிலர் அதெல்லாம் அந்தக் காலம் என்கிறோம், சிலர் ஆங்கிலேயர் கொண்டுவந்தது என்று கை காட்டுகிறோம். பிள்ளைகளுக்குப் பொய் உடனே தெரிந்துவிடும். இருந்தது, இருக்கிறது, அதை எதிர்த்துப் போராடியவர்களும் போராடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்று மூன்று வரியில் சொல்லலாம். பறை கொண்டுபோகிறவர்களுக்கு இது இன்னும் எளிது. சாவு வீட்டு மேளம் என்று ஒதுக்கிய கருவி எப்படி இன்று நம் விழா மேடைகளில் முதலில் ஒலிக்கிறது என்பதே நல்ல கதை. அடித்துக் காட்டிவிட்டுச் சொல்லுங்கள். அடிக்கவும் கொடுங்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகளைப் பட்டுப்பாவாடையும் வேட்டியும் உடுத்தி மேசை ஓரத்தில் கொலுபொம்மை மாதிரி நிறுத்துவதையும் இத்தோடு முடித்துக்கொள்வோம். பதினைந்து வயதுப் பெண் ஜீன்ஸ் போட்டுக்கொண்டே வகுப்பை நடத்தட்டும். மாமாக்கள் பின்னால் நாற்காலி எடுத்துப் போடலாம், நானும் அந்த வேலைதான் பார்க்கிறேன். மேசையின் பெயர்ப் பலகையில் இந்தியா என்று மட்டும் போட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் ஊரில் இருந்தால் முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள். மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் அரசுக் கல்வி அமைப்புக்குள் இயங்குகின்றன, நம் பிள்ளைகளுக்கே அது தெரியாது.

கடைசியாகப் பண விஷயம். மேலே சொன்ன ஆறாம் பகுதி நிதியை 2025 செப்டம்பரில் கூட்டாட்சிக் கல்வித் துறை நிறுத்தியது. மையங்கள் ஆட்களையும் நிகழ்ச்சிகளையும் குறைக்க வேண்டிய நிலை. செலவு குறைக்கும்போது முதலில் கைவைப்பது பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளுக்கான வேலையில்தான், ஏனென்றால் அதற்குப் பட்டமும் கிடையாது, கட்டணமும் கிடையாது. ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைக்க உலகெங்கும் தமிழர்கள் சேர்ந்து 60 லட்சம் டாலர் திரட்டினோம். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் நம் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குத் தொலைவிலுள்ள கிராமப் பள்ளி ஒன்று வந்துபோக ஒரு பேருந்தின் வாடகை அதில் எந்த மூலைக்கு? சங்கத்தின் பொங்கல் விழா வரவு செலவில் அலங்காரத்தைக் குறைத்தாலே வந்துவிடும். இப்போது வருபவை பெரும்பாலும் வளாகத்துக்குப் பக்கத்துப் பள்ளிகள், அங்கே நம் பிள்ளைகளே வகுப்புக்கு நான்கு பேர் படிக்கிறார்கள். தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே தெரியாத ஊர்களுக்கு அந்தப் பேருந்தை அனுப்பலாம்.

பள்ளிகள் களப்பயணத்தை மாதக்கணக்கில் முன்பே முடிவுசெய்துவிடும். ஜனவரியில் மின்னஞ்சல் வரட்டும் என்று காத்திருந்தால் மறுபடியும் மேசைதான் கிடைக்கும். இந்தக் கோடையிலேயே உங்கள் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மையத்துக்கோ, அது இல்லாவிட்டால் நூலகத்துக்கோ எழுதுங்கள். ஒரு வகுப்பறை, நாற்பது நிமிடம், பேருந்துக்கு எங்கள் பங்கு இவ்வளவு என்று தொகையையும் சேர்த்தே எழுதுங்கள். காலிக் கல்லுக்கான படங்களும் கேள்வித்தாளும் வேண்டுமென்றால் நான் தயாரித்துத் தருகிறேன்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப் பள்ளித் தன்னார்வலர்