எந்த வார்டும் சராசரியிலிருந்து பத்து விழுக்காட்டுக்கு மேல் விலக வேண்டாம்: மறுவரையறை ஆணையத்துக்குத் திறந்த மடல்

வார்டு எல்லைகளைத் திருத்தி வகுக்கும் மறுவரையறை ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2022 சென்னை மாநகராட்சித் தேர்தலில், கோடம்பாக்கம் மண்டலத்து 137-வது வார்டில் 58,000-க்கு மேல் வாக்காளர்கள் இருந்தார்கள். ஆலந்தூர் மண்டலத்து 159-வது வார்டில் மூவாயிரத்துச் சொச்சம் பேர். இரண்டுக்கும் தலா ஒரு கவுன்சிலர், மாமன்றத்தில் தலா ஓர் ஓட்டு. 159-இல் ஒருவருக்கு இருக்கும் பலம் 137-இல் பதினெட்டுப் பேர் சேர்ந்தால்தான் கிடைக்கிறது.

இதன் வேர் தாங்கள் அறிந்ததே. 2011-இல் சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது, பழைய நகரத்தின் 155 வார்டுகள் 107 ஆகச் சுருங்கின. புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்கு 93 வார்டுகள் போயின. 2011 கணக்கெடுப்பின்படி பழைய நகரத்தில் 46 லட்சம் பேர், சேர்ந்த பகுதிகளில் 20 லட்சம் பேர். அதாவது இங்கே வார்டுக்குச் சுமார் 43,000. அங்கே சுமார் 22,000. 2022 தேர்தலும் இந்த 107, 93 என்ற பங்கீட்டில்தான் நடந்தது. இதற்கிடையில் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி அடுக்குமாடிகள் எழும்பி, புறநகர் வார்டுகளும் சில இடங்களில் பிதுங்கத் தொடங்கிவிட்டன.

இதனால் என்ன கெட்டுப்போகிறது என்பதை, வார்டைப் பகுதிகளாகப் பிரித்து மக்களைக் கூட்டிக் குறை கேட்கும் ஏரியா சபையில் பார்க்கலாம். சென்னையில் எல்லா வார்டுக்கும் பத்து சபைகள்தான். 159-இல் ஒரு சபைக்கு முந்நூறு பேர் என்றால் 137-இல் 5,800 பேர். அத்தனை பேருக்கும் அதே ஒரு கூட்டம், அதே ஒரு மேசை. தெருவிளக்கு, குப்பை, தூர் வாராத வடிகால் என்று மனு வாங்கி முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. எந்த வேலையை முதலில் எடுப்பது என்ற பேச்சு தொடங்குவதே இல்லை. கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதியும் தலையை எண்ணாமல் எல்லா வார்டுக்கும் ஒரே தொகைதான்.

2027 கணக்கெடுப்பு முடியும்வரை எல்லையைத் தொட முடியாது என்பது தெரியும். ஆனால் எண்கள் கைக்கு வந்ததும் கோடு போடும் முறையை இப்போதே அறிவிக்கலாம். மாநகரின் மொத்த மக்கள்தொகையை வார்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து வரும் சராசரியிலிருந்து, எந்த வார்டும் பத்து விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது. விலகினால் அந்த வார்டின் பெயருக்கு எதிரே காரணத்தை எழுதுங்கள். எல்லைக்கோடு கணக்கெடுப்புத் தொகுதியின், அதாவது ஒரு கணக்கெடுப்பாளருக்கு எண்ணப் பிரித்துத் தரும் பகுதியின், விளிம்பிலேயே செல்லட்டும். தொகுதியை நடுவே வெட்டினால் எந்தப் பக்கம் எத்தனை பேர் என்பது ஊகமாகிவிடும். அந்த ஊகம் மக்கள்தொகையோடு நிற்காது; பட்டியல் இன மக்களின் விகிதத்தை வைத்து ஒதுக்கும் தனி வார்டுகளையும் புரட்டிப் போடும்.

இன்னொன்று: குடியிருப்புத் தெருவின் நடுவே கோடு போடாதீர்கள். மேற்கு வரிசை ஒரு வார்டு, கிழக்கு வரிசை இன்னொரு வார்டு என்றானால், வடிகாலை ஒரு பக்கம் மட்டும் தூர் வாரிவிட்டுப் போகிறார்கள். ஆறு, கால்வாய், ரயில் பாதை, பெரிய சாலை ஆகியவையே எல்லையாக இருக்கட்டும்.

சென்ற முறை 2017 டிசம்பர் கடைசியில் வரைவை வெளியிட்டு, ஆட்சேபனைக்குச் சில நாள்களே கொடுத்து, எதிர்ப்பு வந்த பிறகு நீட்டித்தார்கள். வடக்கே இந்தத் தெரு, கிழக்கே அந்தத் தெரு என்று பெயர்களை அடுக்கிய பட்டியலிலிருந்து ஒரு குடிமகன் அத்தனை நாளில் எதைக் கண்டுபிடிக்க முடியும்? தொகுதி மறுவரையறைச் சட்டத்தை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்கிறது அரசமைப்பின் 243 இசட்.ஜி. பிரிவு. அப்படியிருக்க, ஆட்சேபனைக் காலம்தான் எங்களுக்கு இருக்கும் வாசல். அதையும் ஒருக்களித்து வைத்தால் எங்கே போவது? 2016 முதல் 2022 வரை இந்த மாநகரம் ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல் அரசு நியமித்த தனி அலுவலர்களின் கையில் கிடந்தது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் மறுவரையறையும் ஒன்று. மறுபடியும் அதைச் சாக்காக்கித் தேர்தலைத் தள்ளிப்போட விடாதீர்கள்.

ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்: பத்து விழுக்காட்டு வரம்பை முன்கூட்டியே அறிவியுங்கள். வரைவோடு கணக்கெடுப்புத் தொகுதிவாரி மக்கள்தொகையையும், கணினியில் திறந்து தெருவரை பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய வரைபடத்தையும் வெளியிடுங்கள். ஆட்சேபனைக்கு முழுதாக 30 நாள் கொடுங்கள். தள்ளுபடி செய்யும் ஒவ்வொரு மனுவுக்கும் எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
சென்னை மாநகர வாக்காளர்கள்