கோயில் பணம் யாரு கைல போயி நிக்குதுன்னு நாம கேக்கணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல பசுமை முதலீடு பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு, சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூணையும் பாத்துப் பணம் போடற ஈஎஸ்ஜி ஃபண்டு, பங்குச் சந்தைய கண்காணிக்கற செபியோட ரூலு எல்லாம் வெவரமா எழுதியிருந்தாங்க, ஆனா முழுக்க சென்னைலயும் மும்பைலயும் மாசச் சம்பளம் வாங்கறவங்களுக்கு எழுதுன மாதிரி இருந்துச்சு. எங்க நீலகிரி மலைல தனி ஆளுக கைல அவ்வளவு பணம் கெடையாதுங்க, தேயிலை விக்கற வெலைக்கு எங்க மிஞ்சுது. இங்க சேர்ந்து கெடக்கற பணம்னு பாத்தா சர்ச்ல இருக்கு, மாரியம்மன் கோயில் கமிட்டில இருக்கு, பள்ளிவாசல் ஜமாத்துல இருக்கு, ஹட்டின்னு சொல்ற படுகர் ஊருங்களோட ஊர்ப்பொதுவுல இருக்கு. அந்தப் பணத்தப் பத்தி ஒரு வரி கூட கட்டுரைல இல்ல, அதனால தான் எழுதறேன். நீளமாயிடுச்சுன்னா மன்னிச்சுக்கோங்க, முடிஞ்சா வெட்டாம போடுங்க.

நான் கோத்தகிரி பக்கம்ங்க. தபால் ஆபீஸ்ல 31 வருஷம் வேலை பாத்தேன், மாசா மாசம் கட்டற ஆர்டி புக்கு, சேமிப்புப் பத்திரம்னு ஊருல பாதி பேரு கணக்கு என் கையால எழுதுனது தான். ரிட்டையர் ஆன உடனே கணக்கு தெரிஞ்ச பொம்பளைன்னு எங்க பங்குல நிதிக்குழுல போட்டுட்டாங்க. நம்ம தமிழ்ல பாருங்க, நாங்க சேர்ந்து சாமி கும்புடற ஊரையும் பங்குன்னு சொல்றோம், மார்க்கெட்ல வாங்கற ஷேரையும் பங்குன்னு தான் சொல்றோம், ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. இத்தன வருஷம் அது என் மண்டைல ஏறவே இல்ல, போன வருஷம் தான் ஏறுச்சு.

நடந்தது என்னன்னா, 2019 ஆகஸ்ட்ல மலைல பேஞ்ச மழை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அவலாஞ்சில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல பேஞ்சுது, அந்த மழைல எங்க கல்லறைத் தோட்டத்துக்குக் கீழ்ப்பக்கத் தடுப்புச் சுவர் சரிஞ்சுடுச்சு. திரும்பக் கட்டறதுக்கு வீடு வீடா பிரிச்சோம், கொழுந்து எடுக்கற பொம்பளைங்க அவங்க கூலில இருந்து அம்பது, நூறுன்னு குடுத்தாங்க, கல்லறைத் திருநாளுக்கு வெளியூர்ல இருந்து வந்தவங்க ஆயிரம் ரெண்டாயிரம்னு போட்டாங்க. எஸ்டிமேட் நாங்க நெனச்சதுக்கு மேல வந்ததால உடனே கட்ட முடியல, பணத்த சும்மா வெச்சிருக்க வேண்டாம்னு ஒருத்தர் சொல்லி ஒரு கடன் ஃபண்டுல போட்டோம், அதாவது ஷேரு இல்லாம கம்பெனிகளோட கடன் பத்திரம் வாங்கற மியூச்சுவல் ஃபண்டு. டிரஸ்ட் பணத்த அதுல போட வருமான வரிச் சட்டமும் அனுமதிக்குது, பேங்க் டெபாசிட்ட விட கொஞ்சம் கூட வரும்னாங்க, நானும் கையெழுத்துப் போட்டேன். ஒரு தப்பும் தெரியல அப்போ.

போன வருஷம் எங்க அன்பியத்துல, அதாவது பக்கத்து பக்கத்து வீட்டுக்காரங்க சேர்ந்து செபம் பண்ற குழுல இருக்கற ஒரு பொண்ணு பூசைக்கு வரதையே நிறுத்திடுச்சு. வீட்டுக்குப் போயி கேட்டா குழு லோன். அஞ்சு பேரு சேர்ந்து வாங்குன கடன், அதுக்கு ரெண்டு வாரம் தவணை கட்டல, குழுத் தலைவியும் அதே கோயிலுக்கு வர்றவங்க, மூஞ்சி குடுக்க முடியலைன்னு அழுவுது. வசூலுக்கு வர்ற பையன் காலைல ஆறரைக்கே எஸ்டேட் லைன் வீட்டு வாசல்ல வந்து நிப்பானாம், பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் கேக்கற மாதிரி பேசுவானாம். மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு காலைல 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்குப் பின்னாடியும் போன் பண்ணி தொந்தரவு பண்ணக் கூடாது, வீட்டு வருமானத்துல பாதிக்கு மேல தவணைக்கே போற மாதிரி கடன் குடுக்கவும் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2022லயே சொல்லியாச்சு, அந்தப் பொண்ணுக்கு அது எங்க தெரியும். வட்டி 24 சதவீதத்துக்கு மேல. நான் அந்த லோன் கார்டை வாங்கிப் பாத்தேன், கம்பெனி பேரு எங்கயோ பாத்த மாதிரியே இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி எங்க ஃபண்டோட மாச அறிக்கைய எடுத்துப் பாத்தேங்க. எந்தெந்தக் கம்பெனில பணம் போட்டிருக்கோம்னு ஒவ்வொரு ஃபண்டும் மாசா மாசம் லிஸ்ட் வெளியிடணும், அது நாள் வரைக்கும் நாங்க யாரும் மொத்தம் எவ்வளவு ஏறியிருக்குங்கறதத் தவிர அதுல எதையும் பாத்ததில்ல. லிஸ்ட்ல அதே பேரு. நூத்துக்கு ஒன்றரை ரூபா தான், சின்னத் தொகை, ஆனா எனக்குக் கை கால் ஓடல. கல்லறைச் சுவருக்குன்னு அந்தப் பொண்ணு குடுத்த நூறு ரூபா சுத்திப் போயி அதுக்கே கடனா வந்து, காலைல ஆறரைக்கு அது வீட்டு வாசல்லயே நின்னிருக்கு, அதுல வந்த லாபத்த நாங்க மாதா கோயில் கணக்குல வரவு வெச்சிருக்கோம்.

இது எங்களுக்கு மட்டும் நடந்தது இல்லன்னு அப்புறமா படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். இங்கிலாந்து திருச்சபைக்கே 2013ல இது நடந்துச்சு. வொங்கான்னு ஒரு கம்பெனி, சம்பளம் வர்ற வரைக்கும் அவசரக் கடன் குடுக்கறவங்க, வருஷக் கணக்குப் போட்டா வட்டி 5,000 சதவீதத்துக்கு மேல. பேராயர் ஜஸ்டின் வெல்பி, நாங்க கூட்டுறவு கடன் சங்கங்கள வளத்து விட்டு உங்கள போட்டியிலயே இல்லாம பண்ணிடுவோம்னு வெளிப்படையா சொன்னாரு, மறுநாளே திருச்சபைப் பணம் சுமார் 75,000 பவுண்டு வேற ஒரு ஃபண்டு வழியா அதே வொங்காவுக்குள்ள இருக்கறது வெளிய வந்துடுச்சு. அவரு மழுப்பல, சங்கடமா இருக்குன்னு ஒத்துக்கிட்டாரு, அடுத்த வருஷம் லாபம் எதுவும் எடுத்துக்காம வெளிய வந்தாங்க. அவ்வளவு பெரிய சபைக்கே தன் பணம் எங்க இருக்குன்னு தெரியலன்னா எங்க நிதிக்குழு எம்மாத்திரம்னு ஒரு பக்கம் ஆறுதல், இன்னொரு பக்கம் அவங்க வெளிய வந்தாங்க, நாம வருவமான்னு ஒரு உறுத்தல்.

இப்ப ஈஎஸ்ஜின்னு புதுப் பேரு வெச்சு பேசறாங்களே, அதுக்கு வேரு சாமி கும்புடறவங்க கிட்ட தான் இருக்கு, உங்க கட்டுரைல இது விட்டுப் போச்சு. அமெரிக்காவுல பிலடெல்பியாவுல குவேக்கர்னு ஒரு கிறிஸ்தவ சபை 1758லயே, அடிமை வியாபாரம் பண்றவங்க சபைப் பொறுப்புல இருக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணுச்சு. 1971ல ரெண்டு மெதடிஸ்ட் போதகருங்க, வியட்நாம் போருக்கு ஆயுதம் செய்யற கம்பெனில எங்க ஜனங்க காசு போகக் கூடாதுன்னு பாக்ஸ் வேர்ல்டுன்னு ஒரு ஃபண்டே ஆரம்பிச்சாங்க. அதே வருஷம் எபிஸ்கோபல் சபை ஜெனரல் மோட்டார்ஸ் ஷேர வெச்சுக்கிட்டே, தென்னாப்பிரிக்காவுல நிறவெறி ஆட்சி நடக்கற வரைக்கும் அங்க தொழில் பண்ணாதீங்கன்னு பங்குதாரர் கூட்டத்துல தீர்மானம் கொண்டு வந்துச்சு. தீர்மானம் தோத்துச்சு, ஆனா கேள்வி நிக்கல.

நம்ம மார்க்கத்துல மட்டும் தான் இதெல்லாம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், அதுவும் தப்பு. குன்னூர் பஜார்ல எனக்குப் பழக்கமான ஒரு ஜைனக் கடைக்காரர் இருக்காரு, அவருகிட்ட இதச் சொன்னப்ப, எங்கள்ல இல்லறத்தார் பண்ணக் கூடாத தொழில்னு 15 இருக்கும்மான்னு விரல் விட்டு எண்ணுனாரு. காட்ட வெட்டி விக்கறது, கரி சுடறது, பூமிய வெடி வெச்சுப் பொளக்கறது, வெஷம் விக்கறது, காட்டுக்குத் தீ வைக்கறது, ஏரி குளத்த வத்த அடிக்கறது. இத எழுதுனவங்க எந்தக் காலத்துலயோ எந்த ஊருலயோ இருந்தவங்க, கேக்கும்போது எனக்கு எங்க மலையப் பாத்து எழுதுன மாதிரியே இருந்துச்சுங்க. பாறைய ஒடைச்சு ரிசார்ட் கட்டறது, சதுப்ப மண்ணு போட்டு மூடி லேஅவுட் போடறது, கோடைல பிடிக்கற காட்டுத்தீ, எல்லாமே அந்த 15க்குள்ள வந்துடுது.

அதே மாதிரி எங்க பக்கத்து வீட்டு பாய் சொன்னாரு, அவங்களுக்கு வட்டி ஆகாதுங்கறதால பங்குச் சந்தைல நிஃப்டி ஷரியா இண்டெக்ஸ்னு இருக்கற கம்பெனிப் பட்டியல்ல பேங்க் ஷேரே கெடையாது, சாராயம், சூதாட்டம் கெடையாது, கடன்ல மூழ்கின கம்பெனியும் கெடையாது, அதையும் மீறி கொஞ்சம் வட்டி வருமானம் கலந்திருந்தா அந்த அளவக் கணக்குப் போட்டு தர்மத்துக்குக் குடுத்துடணும்னு. இந்தக் கடைசி விஷயம் தான் என்னை ரொம்பத் தொட்டுச்சு. கலந்து வந்துடுச்சுன்னு தெரிஞ்சா கண்ண மூடிக்காம பிரிச்சு எடுத்து வெளிய குடுக்கறாங்க பாருங்க. எங்க ஃபண்டுல அந்தக் கம்பெனி வழியா வந்த லாபத்த நான் பென்சில் எடுத்து கணக்குப் போட்டேன், ரெண்டாயிரம் ரூபா கூட வரல. அந்தத் தொகைய அந்தப் பொண்ணோட குழுத் தவணைல கட்டலாம்னு கூட்டத்துல சொல்லியிருக்கேன்.

மலை ஜனங்க கேக்க வேண்டிய கதை ஒன்னு இருக்கு. ஒடிசாவுல நியாம்கிரின்னு ஒரு மலை, டோங்கிரியா கோந்த் பழங்குடி மக்களுக்கு அந்த மலையே சாமி, இங்க தோடர் மக்களுக்கு எத்தனையோ சிகரம் சாமியா இருக்கற மாதிரி தான். அங்க அலுமினியத்துக்கு பாக்சைட் தோண்ட வேதாந்தா வந்துச்சு. நார்வே நாட்டு ஓய்வூதிய நிதி அந்தக் கம்பெனி ஷேரே வேண்டாம்னு 2007ல ஒதுக்கி வெச்சுது, இங்கிலாந்து திருச்சபை 2010ல வித்துட்டு வெளிய வந்துச்சு. சுரங்கத்த நிறுத்துனது ஷேர் வித்தவங்க இல்லங்க, அத நான் தெளிவா சொல்லிடறேன், 2013ல சுப்ரீம் கோர்ட்டு கிராமசபைய கேளுன்னு சொல்லி, 12 கிராமசபையும் ஒன்னு விடாம வேண்டாம்னு சொன்னாங்க, அது அந்த ஜனங்களோட வெற்றி. ஆனா கடல் தாண்டி இருக்கற ஒரு கோயில் யாரோ ஒரு மலையோட சாமிய மதிச்சு தன் பணத்த வெளிய எடுத்துச்சுன்னா, மலை மேலயே இருக்கற நம்ம கோயிலுங்க என்ன பண்றோம்? பழனி மலைப்பக்கம் கொடைக்கானல்ல தெர்மாமீட்டர் ஃபேக்டரி பாதரசப் பிரச்சனைல 2001ல மூடுனாங்க, தொழிலாளர்கள் 591 பேருக்கு ஒப்பந்தம் ஆகறதுக்கு 2016 ஆயிடுச்சு. நடுவுல அந்த 15 வருஷமும் அந்தக் கம்பெனி ஷேர் வெச்சிருந்த குடும்பங்களுக்கு டிவிடெண்ட்னு வர்ற லாபப் பணம் நிக்கல. அதுல எத்தன கோயில் டிரஸ்ட், எத்தன பள்ளிக்கூட டிரஸ்ட் இருந்திருக்கும்னு யாராவது கேட்டிருப்பாங்களா.

எங்க கமிட்டில பெரியவர் ஒருத்தர் சொல்றாரு, கோயில் பணத்துல சோதனை எல்லாம் வேண்டாம்மா, பசுமைன்னு சொல்லி ஏமாத்துனவங்க இந்த ஊருல கம்மியான்னு. அவரு சொல்றது நூத்துக்கு நூறு நெசம். தேக்கு மரம் நட்டுத் தரோம்னு 90கள்ல எத்தன பேரு காசு போச்சு, ஈமு கோழின்னு 2012ல கொங்கு பக்கம் என்ன ஆச்சு. என் கவுண்டர்ல வந்து ஆர்டிய பாதில மூடிட்டுப் போயி அதுல போட்டவங்கள நான் கண்ணால பாத்திருக்கேன், வேண்டாங்கன்னு சொல்லியும் கேக்கல. அதனால அதிக லாபம், மலைக்கும் நல்லதுன்னு யாராவது ஒரே மூச்சுல சொன்னா கோயில் வாசல்லயே நிறுத்திடணும். நான் கேக்கறது புது இடத்துல போடச் சொல்லி இல்லங்க, இப்ப போட்டிருக்கற எடத்துல என்ன நடக்குதுன்னு பாக்கச் சொல்றேன்.

பாக்கறதுக்கு வழியும் இருக்கு. ஃபண்டுன்னா மாச லிஸ்ட் இருக்கு. பெரிய கம்பெனின்னா, சந்தை மதிப்புல முதல் 1,000 கம்பெனிங்க 2022-23ல இருந்து தண்ணி, கழிவு, கூலி பத்தி எல்லாம் அறிக்கை குடுக்கணும்னு செபி சொல்லியிருக்கு. பேங்க் டெபாசிட்லயே போடணும்னா, 2023 ஜூன் 1ல இருந்து ரிசர்வ் பேங்க் விதிப்படி பசுமை டெபாசிட்னு ஒன்னு இருக்கு, எல்லா பேங்க்லயும் கெடையாது, கேட்டு வாங்கணும். அதுல போடற பணம் சோலார், கழிவுநீர் சுத்திகரிப்பு மாதிரி வேலைக்குத் தான் போகணும், வெளி ஆளு வருஷா வருஷம் சரி பாக்கணும், சாதா டெபாசிட் மாதிரியே 5 லட்சம் வரைக்கும் காப்பீடு உண்டு. எதுக்கு அந்தப் பணம் போகக் கூடாதுன்னும் லிஸ்ட் இருக்கு, நிலக்கரி, பெட்ரோல், சாராயம், சிகரெட், சூதாட்டம், ஆயுதம். அந்த லிஸ்ட்ல பாதி, அந்த ஜைனக் கடைக்காரரும் பாயும் எங்க ஃபாதரும் சொல்ற பேரு தான். 25 மெகாவாட்டுக்கு மேல இருக்கற நீர்மின் திட்டமும் அதுல ஆகாது, பைக்காராவும் குந்தாவும் பாத்து வளந்த எங்களுக்கு அணை கட்டுனா என்னென்ன முழுகும்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

வட்டி அரை சதவீதம் கொறையலாம். கொறைஞ்சா சுவரு ஆறு மாசம் லேட்டா எழும்பும், அவ்வளவு தான். திருவிழா டீக்கு இன்ட்கோசர்வ் கூட்டுறவு ஃபேக்டரித் தூள வாங்குனா அந்தக் காசு சிறு விவசாயி கைக்கே திரும்பப் போகும், தேன் வேணும்னா இங்கயே கோத்தகிரில பழங்குடி மக்களே பங்குதாரரா இருக்கற ஆதிமலை கம்பெனி 2013ல இருந்து இருக்கு. இதுக்கெல்லாம் எந்த ஃபண்டும் வேண்டாம்.

உங்க பேப்பர் மலைல எல்லா ஊருக்கும் வருது. எந்தக் கோயில், எந்தச் சர்ச், எந்தப் பள்ளிவாசல் கமிட்டி தன் பணம் எங்க இருக்குன்னு ஜனங்களுக்குச் சொல்லுதுன்னு ஒரு தடவ விசாரிச்சு எழுதுங்க. எங்க பங்குல அடுத்த மாசம் முதல் ஞாயிறு ரெண்டாம் பூசை முடிஞ்சதும் கூட்டம். ஃபண்டோட லிஸ்ட்ட முழுசா தமிழ்ல எழுதி நோட்டீஸ் போர்டுல பூசை நேரத்துக்குப் பக்கத்துல ஒட்டணும்னு எழுதிக் குடுத்திருக்கேன், அந்தப் பொண்ணும் வரேன்னு சொல்லியிருக்கு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால் ஊழியர்,
கோத்தகிரி, நீலகிரி.