பாஸ்வேர்டை மட்டும் குறை சொல்ல வேண்டாம்

ஆசிரியருக்கு,

ஆன்லைன் கேம் கணக்கு பறிபோனது என்றாலே, 'பையன் பாஸ்வேர்டை யாரிடமாவது சொல்லியிருப்பான்' என்று பேச்சை முடித்துவிடுகிறோம். எப்போதும் அப்படி இல்லை.

2011 ஏப்ரலில் சோனியின் ஆன்லைன் கேம் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் சுமார் 7.7 கோடி கணக்குகளின் விவரங்கள் திருட்டுக்கு ஆளாயின. மூன்று வாரத்துக்கு மேல் சேவையே முடங்கிக் கிடந்தது. விளையாடியவர்கள் செய்த தப்பு ஒன்றுமில்லை. 2013-இல் இரண்டரை லட்சம் பவுண்டு அபராதம் விதித்த பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம், மென்பொருளைப் புதுப்பித்து வைத்திருந்தால் இதைத் தடுத்திருக்கலாம் என்றது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு அதெல்லாம் ஒரு அபராதமா என்பது வேறு கதை!

அப்புறம் 2021 டிசம்பரில் மைன்கிராஃப்ட் கேம். அதற்குள் இருந்த 'லாக்4ஜே' என்ற நிரலின் ஓட்டையால், சாட்டில் ஒரு வரி தட்டியே அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் நுழைய முடிந்தது. 1.18.1 பதிப்பில் உடனே சரிசெய்தார்கள். ஆனால் வேறு யாரோ தயாரித்த லாஞ்சர் (கேமைத் திறக்கும் மென்பொருள்) வழியாக விளையாடுவோருக்கு இது தானாக வந்து சேராமல் போகலாம் என்றும் எச்சரித்தார்கள். பிள்ளைகளில் பலர் விளையாடுவதோ அப்படித்தான்.

நம் வீடுகளில் 'அப்டேட்' என்று வந்தால் 'பிறகு பார்க்கலாம்' என்பதைத்தான் அழுத்துகிறோம். விண்டோஸ் 10-க்கு பாதுகாப்பு அப்டேட்டுகள் தரும் வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் புது கேம் அறிமுகங்களோடு, எந்த மென்பொருளை உடனே புதுப்பிக்க வேண்டும் என்று வாரம் நாலு வரி போடலாமே.

- வாசகர், திருநெல்வேலி