பழைய விலையையும் சேர்த்துப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

விலைச் செய்திகளில் சதவீதத்தை மட்டும் தலைப்பாகப் போடுவதால் வாசிப்பவர்கள் ஏமாந்து போகிறார்கள். கிளிநொச்சிப் பக்கம் அறுவடைக் காலத்தில் இதை நன்றாகவே பார்க்கலாம். மூடை 10,000 ரூபாய் போன நெல் 20 சதவீதம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 8,000 ஆகிறது. பிறகு 20 சதவீதம் ஏறினால், “சரி, பழைய விலை வந்துவிட்டது” என்கிறார்கள். வரவில்லை. 8,000 ரூபாயில் 20 சதவீதம் 1,600தான். ஆக, 9,600. மூடைக்கு 400 ரூபாய் விவசாயியின் கையை விட்டுப் போகிறது. பழைய விலைக்குத் திரும்ப 25 சதவீதம் ஏற வேண்டும்.

பணவீக்கச் செய்தியும் அப்படித்தான். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம், அதாவது ஓராண்டில் விலை ஏறிய அளவு, 69.8 சதவீதம்; அடுத்த ஆண்டு அதே மாதம் 1.3. சாமான் விலை இறங்கிவிட்டதென்று சந்தையில் பலர் நம்பினார்கள். உண்மையில் 2021 செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் சராசரியாக 170 ரூபாயளவுக்கு ஏறி, அதற்கு மேலும் கொஞ்சம் ஏறி, 172இல் நின்றது. ஏறும் வேகம்தான் குறைந்தது.

2024 தொடக்கத்தில் வற் வரி (பெறுமதி சேர் வரி) 15 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வரிக்கு முன் 100 ரூபாயான பொருள், வரியோடு 115இலிருந்து 118 ஆவது 2.6 சதவீத ஏற்றம்தான். ஆனால் நாம் கட்டும் வரித்தொகை 20 சதவீதம் கூடியது.

தயவுசெய்து இனிமேல் பழைய விலை, புதிய விலை இரண்டையும் ரூபாயில், சதவீதத்துக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். நெல், எரிபொருள், பஸ் கட்டணம் இந்த மூன்றுக்காவது.

வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி