கடைசி ரீலை நிறுத்தி வைத்திருக்கிறேன்

அன்புள்ள ரகு,

உன் கடைசிக் கடிதத்துக்குப் பதில் போடாமல் ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. நீ திட்டுவதற்கு முன்னால் நானே தப்பை ஒப்புக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. பாஸ்கர் போன மாதம் போன் பண்ணினான், முக்கால் மணி நேரம் பேசினான், அவன் பேசினால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. அம்மாவுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. க்ளூக்கோமா, கண் அழுத்த நோய். இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது, வலது கண்ணில் நடுவில் கொஞ்சம். போனது போனதுதான், சொட்டு மருந்து விடுவதெல்லாம் இருப்பதைக் காப்பாற்றத்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த நோயில் பெரும்பாலும் பக்கவாட்டுப் பார்வைதான் முதலில் போகும், வலியும் இருக்காது. ஒரு வருஷமாக அம்மா கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டிருந்தாள். வயசாகிறது, தள்ளாடுகிறாள் என்று நினைத்தேன். தினமும் காலையில் பேப்பரைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாகத் திருப்பி, மடித்து வைப்பாள். படிக்கவில்லை என்று எனக்குத் தெரியவே இல்லை. அதை நினைத்தால் இன்னும் தூக்கம் வருவதில்லை. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம் என்பதால் நானும் பரிசோதித்துக்கொண்டேன், இப்போதைக்கு ஒன்றுமில்லை. நீயும் ஒரு தடவை கண் அழுத்தம் பார்த்துக்கொள். தள்ளிப் போடாதே.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ, நான், பாஸ்கர் மூன்று பேரும் டைரக்டர்வாரியாகச் சிறந்த படங்களைப் பட்டியல் போட்ட நம் பச்சை அட்டை நோட்டு கிடைத்துவிட்டது! அலமாரி மேல்தட்டில், பாஸ்கரின் பச்சை மையோடு, அப்படியே இருக்கிறது. ஒரு டைரக்டருக்கு ஒரு படம்தான், சமம் என்று போடக் கூடாது, காரணம் ஒரே வரியில் எழுத வேண்டும். 1988-ல் எத்தனை ராத்திரி அதற்காகச் சண்டை போட்டிருக்கிறோம். மகேந்திரனுக்கு நான் ‘முள்ளும் மலரும்’, நீ ‘உதிரிப்பூக்கள்’. பாலு மகேந்திராவுக்கு நான் ‘மூன்றாம் பிறை’, நீ அப்போதுதான் வந்திருந்த ‘வீடு’. பாலசந்தருக்கு மட்டும் மூன்று பேரும் ‘அவள் ஒரு தொடர்கதை’. பாரதிராஜாவுக்கு பாஸ்கர் எழுதியதை அடித்துவிட்டு நீ ‘முதல் மரியாதை’ என்று எழுதியிருக்கிறாய், அடித்தது இன்னும் தெரிகிறது.

அந்த நோட்டை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “ஒவ்வொண்ணா போடேன், கேக்கறேன்” என்றாள். இப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் படம். அம்மா நாற்காலியில், நான் பக்கத்தில் தரையில். தேவைப்படும் இடத்தில் திரையில் நடப்பதைச் சொல்லிக்கொண்டே வருவது என் வேலை.

ரகு, ஒரு படத்தைப் பார்க்க முடியாத ஒருவருக்குச் சொல்லிப் பார். அந்தப் படம் எதனால் ஆனது என்று அப்போது தெரிந்துவிடும்.

‘அவள் ஒரு தொடர்கதை’க்கு எனக்கு வேலையே இல்லை. இரண்டே இடத்தில்தான் அம்மா என்ன என்று கேட்டாள். மீதியெல்லாம் சுஜாதாவின் குரலிலேயே இருந்தது. பாலசந்தர் நாடகத்திலிருந்து வந்தவர், அவர் படத்தில் கோபமும் குத்தலும் ஏமாற்றமும் வாயால் வெளியே வந்துவிடும். ‘தெய்வம் தந்த வீடு’ வந்தபோது ஜேசுதாஸோடு சேர்ந்து அம்மாவும் முணுமுணுத்தாள். படம் முடிந்ததும் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. அந்த இடத்தில் மாற்றம் எதுவும் இல்லை, மூன்று ஓட்டும் நிற்கிறது, இப்போது அம்மாவோடு நாலு.

அடுத்த வாரம் ‘முள்ளும் மலரும்’. முதல் பாதி சமாளித்துவிட்டேன். “ரெண்டு கையும் ரெண்டு காலும் போனாக்கூட” வசனத்துக்கு யார் விளக்கம் சொல்ல வேண்டும்? திணறல் கடைசியில்தான். தங்கை வள்ளி, அதாவது ஷோபா, கல்யாணத்துக்காக என்ஜினீயரோடும் ஊர்க்காரர்களோடும் நடந்து போகிறாள், அண்ணன் தனியாக நிற்கிறான். வசனம் இல்லை. “இப்ப என்ன?” என்றாள் அம்மா. நின்னுட்டாம்மா என்றேன். “அழறாளா?” இல்லை. “சிரிக்கிறாளா?” இல்லை. “அப்ப ஷோபா என்னதாண்டா பண்றா?” பார்க்கிறாம்மா என்றேன். அதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. ஷோபாவின் முகத்தில் அந்த நேரத்தில் இருப்பது பாசமா, பயமா, அண்ணனை விட்டுவிட்டுப் போகிற குற்ற உணர்ச்சியா? எதைச் சொன்னாலும் மற்ற இரண்டும் விட்டுப்போகும். அம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம், “இரு இரு, ஞாபகம் வந்துடுச்சு, நீ பேசாதே” என்றாள். தியேட்டரில் பார்த்த முகம் எங்கோ உள்ளே பத்திரமாக இருந்திருக்கிறது. வள்ளி ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டதும் தலையை ஆட்டினாள். உங்களை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை என்று என்ஜினீயரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத் தங்கையைக் கொடுக்கிறான் பார், அங்கே “கடைசி வரைக்கும் திமிரு போகல பாரு” என்றாள், அவ்வளவு சந்தோஷமாக.

‘தங்கப்பதக்கம்’ எழுதிய மனுஷன் மகேந்திரன், நினைத்துப் பார். வசனத்துக்காகக் கைதட்டல் வாங்கியவர். கல்லூரி நாளிலேயே எம்.ஜி.ஆரை மேடையில் வைத்துக்கொண்டு தமிழ் சினிமாவின் குறைகளைச் சொன்னவர். தானே டைரக்ட் பண்ண 1978-ல் வாய்ப்பு வந்ததும் முதலில் குறைத்தது தன் சொந்தச் சரக்கான வசனத்தைத்தான். இந்தத் துணிச்சலுக்காகத்தான் அந்தப் படத்தை நான் மேலே வைத்தேன்.

ஆனால் உன் பழைய வாதம் அன்றைக்கு ராத்திரி முழுக்க என்னை விடவில்லை. “அந்தப் படத்துக்கு கேமரா பாலு மகேந்திரா. பாதி மார்க்கை அவர் கணக்கில் போடு, மீதியை வைத்துப் பேசு” என்று சொல்வாயே. அப்போது உன்மேல் கோபமாக வரும். இப்போது யோசித்தால், நான் அம்மாவுக்குச் சொல்லத் திணறிய அந்த முகம் யாருடையது? ஷோபாவுடையது, மகேந்திரன் கேட்டு வாங்கியது, பாலு மகேந்திரா வெளிச்சம் வைத்தது. மூன்றையும் பிரிக்க முடியாது. அதனால் பாதி மார்க் கழிப்பதை நான் ஏற்கவில்லை. டைரக்டர் பேரில் பட்டியல் போடுகிற நம் விதியில்தான் கோளாறு. நோட்டில் அந்தப் படத்துக்கு நேரே மூன்று பேரையும் எழுதிவிட்டேன். பாஸ்கர் ஒத்துக்கொள்ள மாட்டான், பரவாயில்லை.

மணிரத்னத்துக்கு ‘நாயகனா’ ‘இருவரா’ என்று நீ கடிதம் கடிதமாக எழுதினாயே, அதில் நான் இறங்கி வருவதாக இல்லை. ‘இருவர்’ கேட்க ரொம்ப நன்றாக இருந்தது, பிரகாஷ்ராஜின் தமிழை அம்மா ரசித்தாள், ஒரு மேடைப் பேச்சைத் திரும்பப் போடச் சொன்னாள். அதெல்லாம் சரி. ஆனாலும் ‘நாயகன்’தான்.

இப்போது நீ எதிர்பார்க்காத செய்தி. ‘வீடு’ விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகச் சண்டை போட்டவன் எழுதுகிறேன்.

‘மூன்றாம் பிறை’யைத்தான் முதலில் போட்டோம். ஸ்டேஷன் காட்சியில் கமலின் குரலைக் கேட்டே அம்மா அழுதுவிட்டாள். எனக்கும் தொண்டை அடைத்தது, எத்தனையாவது தடவையோ. அந்தக் காட்சியை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். தேசிய விருது கொடுத்தார்கள் என்றால் சும்மா இல்லை. அடுத்த வாரம் ‘வீடு’. பாட்டே கிடையாது, இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசைதான் ஆங்காங்கே வருகிறது. வீட்டைக் காலி பண்ணச் சொல்வது, மனையை விற்பது, கடன், சிமெண்ட் விவகாரம், எல்லாம் அம்மாவுக்குச் சொல்லாமலே புரிந்தது. அர்ச்சனா கணக்குப் போடும்போதெல்லாம் “ஐயோ பாவம்” என்று கூடவே கணக்குப் போட்டாள்.

அப்புறம் தாத்தா வருகிறார். சொக்கலிங்க பாகவதர் தனியாகக் கிளம்பிப் போய்ப் பாதி கட்டின வீட்டைப் பார்க்கிற இடம். பேச்சே இல்லை, ஆள் இல்லை, கேமரா பின்னாலேயே போகிறது. “என்ன பண்றார்?” என்று கேட்டாள் அம்மா. சுவரைத் தடவிப் பார்க்கிறார்ம்மா என்றேன்.

“பூசின சுவரா, பூசாத சுவரா?”

செங்கல் தெரியுதும்மா என்றேன். “அப்ப வெரல்ல சொரசொரன்னு இருக்கும்” என்றாள். சொல்லிக்கொண்டே நாற்காலிக் கைப்பிடியில் விரலை முன்னும் பின்னும் ஓட்டினாள்.

ரகு, அந்தப் படத்தை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன். அந்தச் சுவர் சொரசொரப்பாக இருக்கும் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றியதில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கையைப் பார்த்தவள் கண் தெரியாத அம்மா. இப்போதெல்லாம் அவள் அறைக்கு அறை அப்படித்தான் போகிறாள், நிலையைத் தொட்டு, சுவரைத் தொட்டு, அலமாரி விளிம்பைத் தொட்டு. தனக்கென்று ஒரு வீடு வரப்போகிறது என்று தொட்டுப் பார்க்கிற கிழவரும், இருக்கிற வீட்டைத் தொட்டுத் தொட்டுத் தெரிந்துகொள்கிற என் அம்மாவும் அந்த ஐந்து நிமிஷம் ஒன்றாகிவிட்டார்கள். அந்த மனிதர் அதற்கப்புறம் இருக்கப்போவதில்லை என்று தெரிந்தும் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

‘மூன்றாம் பிறை’யில் கமல் நம்மை அழவைக்கத் தன்னிடம் இருப்பதையெல்லாம் கொடுக்கிறார். ‘வீடு’ நம்மை அழச் சொல்லவே இல்லை, ஒரு கையைக் காட்டிவிட்டு விலகிக்கொள்கிறது. ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ இரண்டும்தான் தன் படங்களிலேயே குறைவான தவறுகளோடு எடுத்தவை என்று பாலு மகேந்திராவே சொல்லியிருக்கிறார். அதை அவருடைய அடக்கம் என்று நான் உன்னிடம் வாதாடினேன். அடக்கம் இல்லை, அவருக்குத் தெரிந்திருக்கிறது. நோட்டில் என் பழைய வரியை அடித்துவிட்டு ‘வீடு’ என்று எழுதி, காரணம் என்ற இடத்தில் ‘பூசாத சுவர்’ என்று போட்டிருக்கிறேன். போதுமா?

கடைசியாக ‘உதிரிப்பூக்கள்’. மகேந்திரனின் முதலிடத்துக்கு அதுதான் போட்டி என்பதால் இதை மட்டும் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று தள்ளி வைத்திருந்தேன். போன ஞாயிறு போட்டோம். அசோக்குமார் கேமரா, எனவே உன் ‘பாதி மார்க்’ வாதமும் இங்கே எடுபடாது, பாலு மகேந்திரா இல்லாமலும் மகேந்திரனால் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? விஜயன் பேசுகிற ஒவ்வொரு தடவையும் அம்மா நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்தாள். அவர் குரலை உயர்த்துவதே இல்லை, கவனித்திருக்கிறாயா? அவ்வளவு கொடுமையும் அந்த மெதுவான குரலில்தான் வருகிறது. கண்ணை மூடிக் கேட்டால் இன்னும் பயமாக இருக்கிறது. ‘அழகிய கண்ணே’ பாட்டுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. ஆறு, அம்மா, இரண்டு குழந்தைகள். “தெரியும்” என்று கையை மட்டும் காட்டினாள்.

புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து ஒரு பொறியை எடுத்து இப்படி ஒரு படம் பண்ண முடியும் என்று யார் நினைத்திருப்பார்கள்? படம் ஓட ஓட, ‘முள்ளும் மலரும்’ என் பட்டியலில் ஆட்டம் கண்டது உண்மை. அது ஒரு அண்ணனின் திமிரைப் பற்றியது, அந்தத் திமிரை நாம் ரசிக்கிறோம். இதில் ரசிக்க எதுவும் இல்லாத ஒருவனை நடுவில் வைத்து, கடைசியில் அவனுக்காக நம்மைக் கலங்கவும் வைக்கிறார். எது பெரிய காரியம்?

முடிவு எழுதலாம் என்றால் அம்மா விடவில்லை. ஊர்க்காரர்கள் ஒன்றுகூடி அவனை ஆற்றுக்குக் கூட்டிப் போகக் கிளம்பும் இடத்தில், “நிறுத்து” என்றாள். என்னம்மா என்றேன். “இதுக்கு மேல நீ சொல்ல வேண்டாம். ரகு வந்து சொல்லட்டும்.”

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வீட்டு முன்னறையில் எழுந்து நின்று அந்தக் கடைசிக் காட்சியை முழுசாக நடித்துக் காட்டுவாய். ஊர்க்காரர்களும் நீயே, விஜயனும் நீயே, குழந்தைகளும் நீயே. தான் செய்த தப்பிலேயே பெரிய தப்பு உங்களையெல்லாம் தன்னைப் போல ஆக்கியதுதான் என்று அவன் ஊரைப் பார்த்துச் சொல்வானே, அங்கே மட்டும் குரலை இறக்கி, உள் கதவைப் பார்த்துச் சொல்வாய். கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், ஒவ்வொரு தடவையும். எனக்கே போன ஞாயிறுதான் தெரியும். “படத்துல பாத்ததவிட அவன் சொன்னதுதான் எனக்கு நல்லா ஞாபகம்” என்கிறாள்.

படம் அந்த இடத்திலேயே நிற்கிறது. மகேந்திரனுக்கு நேரே நோட்டில் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். வலது கண்ணில் இப்போது ஆள் உருவம் தெரிகிறது, நல்ல வெளிச்சத்தில் நின்றால் யார் என்றும் சொல்லிவிடுகிறாள். இது எத்தனை நாளைக்கு என்று டாக்டர் எதுவும் சொல்லவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று எழுதாதே. வருகிற தேதியை மட்டும் எழுது, ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
சேகர்